நைட்ரோ டிரக்கில் இறங்காத சூடு: குற்றவாளி ஊசி இல்லை

ஒரு வழியாக, நைட்ரோ எரிபொருளில் ஓடும் என் ரிமோட் கண்ட்ரோல் மாடல் டிரக் ஒரு முழு டேங்க் எரிபொருளையும் அணையாமல் ஓடி முடித்துவிட்டது. ஹெட்டின் (என்ஜினின் மேல் மூடி) வெப்பம் 110 டிகிரி செல்சியஸை ஒட்டியே நின்றது. இதே தொல்லையில் இருப்பவர்களுக்கு முதலில் ஒன்று: சூடு ஏறுகிறது என்றதும் ஊசியை, அதாவது கார்புரேட்டரில் எரிபொருள் அளவைக் கூட்டிக் குறைக்கும் நீடிலை, திருகப் போகாதீர்கள்.

பிரேக்-இன் (புது என்ஜினை மெதுவாக ஓட்டிப் பழக்குவது) ஒழுங்காகவே முடிந்தது. தொல்லை அதற்குப் பிறகுதான். கொஞ்சம் ஓட்டியதுமே வெப்பம் 140-ஐத் தாண்டும். த்ராட்டிலை விட்டாலும் என்ஜின் ஐடிலுக்கு (வண்டி நிற்கும்போதுள்ள குறைந்த வேகம்) இறங்காமல் கத்திக்கொண்டே இருக்கும், அப்புறம் திடீரென்று அணைந்துவிடும்.

விற்றவரிடம் எடுத்துப்போனால் அவர் வண்டியைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. “ஹை ஸ்பீட் நீடிலைத் திறந்து விடுங்க, நைட்ரோன்னா இப்படித்தான்” என்றார். பிறகு எரிபொருளைப் பற்றவைக்கும் க்ளோ பிளக்கை மாற்றச் சொன்னார். அதுவும் பலிக்காதபோது நைட்ரோ கூடுதலாக உள்ள எரிபொருளை வாங்கச் சொன்னார். இந்த யோசனைதான் இன்னும் ஆறவில்லை. நைட்ரோமீத்தேன் விகிதம் கூடினால் ஊசியை மறுபடி சரிசெய்ய வேண்டும், சில என்ஜின்களில் ஹெட்டுக்கு அடியில் கூடுதல் ஷிம் (மெல்லிய உலோக வளையம்) வைக்க வேண்டும். அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பணமும் நேரமும் போனதுதான் மிச்சம்.

ஊசியைத் திறக்கத் திறக்க, முழு த்ராட்டிலில் புகை கொட்டியது, வண்டி திணறியது. அது ரிச், அதாவது கலவையில் எரிபொருள் அதிகம். ஐடிலில் மட்டும் பழையபடி லீன் குணம், அதாவது எரிபொருள் குறைவு, காற்று அதிகம். மேலே ஒன்று, கீழே ஒன்று என்று என்ஜின் இப்படி முரண்பட்டால் காற்றுக் கசிவைச் சந்தேகப்படுங்கள். த்ராட்டில் மூடியிருக்கும்போது கார்புரேட்டர் வழியாகப் போகும் காற்றே கொஞ்சம்தான். அதோடு வேறு வழியில் துளி காற்று சேர்ந்தாலும் கலவை கெட்டுவிடும். முழுதாகத் திறந்தபின் அதே கசிவு பெரிதாகத் தெரியாது. இதை அப்படியே விட்டு ஓட்டுவது ஆபத்து. இந்த என்ஜினுக்கு மசகு எண்ணெய் எரிபொருளோடுதான் வருகிறது. லீன் ஆனால் சூடும் ஏறும், எண்ணெயும் குறையும். பிஸ்டனும் கனெக்டிங் ராடும்தான் அதற்கு விலை கொடுக்கும்.

என்ஜினைக் கழற்றினேன். எக்ஸாஸ்ட் வாயையும் கார்புரேட்டரின் காற்று வாயையும் இறுக்கமாக அடைத்து, எரிபொருள் நிப்பிளில் குழாய் செருகி, தண்ணீரில் முக்கி ஊதினேன். கார்புரேட்டர் கழுத்தைச் சுற்றிக் குமிழிகள் வரிசையாகக் கிளம்பின. அந்த நிமிஷம் எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லி மாளாது! முன் பேரிங்கில் ஓரிரு குமிழி வந்தால் பயப்படாதீர்கள், அது இயல்பு. சோதனை முடிந்ததும் உடனே காயவைத்து எண்ணெய் விட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் பேரிங் துருப்பிடிக்கும்.

கழுத்தடியில் காற்றை அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங் இறுகி, ஓரத்தில் வெடித்திருந்தது. புதிதாக ஒன்றைப் போட்டு, அதிக வெப்பம் தாங்கும் சிலிகான் சீலன்ட் லேசாகப் பூசி, ஒரு இரவு உலரவிட்டேன். நீடில்களைத் தயாரிப்பாளர் சொன்ன ஆரம்ப நிலைக்குக் கொண்டுபோய், என்ஜின் நன்றாகச் சூடான பிறகே ட்யூனிங்கைத் தொடங்கினேன். முதலில் முழு வேகத்துக்கான ஹை ஸ்பீட் நீடில், பிறகு ஐடிலுக்கான லோ ஸ்பீட் நீடில். ஒவ்வொரு முறையும் எட்டில் ஒரு பங்கு சுற்றுக்கு மேல் போகவில்லை. லோ ஸ்பீடுக்குப் பிஞ்ச் டெஸ்ட் போதும்: ஐடிலில் கார்புரேட்டருக்கு அருகே எரிபொருள் குழாயை அழுத்திப் பிடித்தால், வேகம் லேசாக ஏறி இரண்டு மூன்று வினாடியில் அணைய வேண்டும். சட்டென்று அணைந்தால் லீன், இழுத்துக்கொண்டே போனால் ரிச்.

வெப்பமானியை மட்டும் நம்பி ட்யூன் செய்வதில் எனக்கு உடன்பாடில்லை. பளபளக்கும் அலுமினிய ஹெட்டில் இன்ஃப்ராரெட் கருவி குறைத்துக் காட்டும். முழு வேக ஓட்டம் முடிந்த கையோடு, நேர் மேலிருந்து பிளக்கைக் குறிவைத்து, எப்போதும் ஒரே தூரத்தில் அளந்தால்தான் ஒப்பிட முடியும். 95 முதல் 130 வரை பொதுவான வரம்பு. ஆனால் முழு வேகத்தில் மெல்லிய புகைக்கோடு இல்லையென்றால், கருவி 100 காட்டினாலும் நிறுத்திவிடுங்கள்.

கசிவு எங்கும் இல்லை, சூடு மட்டும் ஏறுகிறதா? என்ஜினின் பின்மூடியான பேக் பிளேட்டின் கேஸ்கெட்டை இன்னொரு முறை பாருங்கள். பிறகு சக்கரத்தைக் கையால் சுற்றிப் பிரேக் உரசுகிறதா, கிளட்ச் பெல் (கிளட்சின் வெளிக்கிண்ணம்) தடையில்லாமல் சுழல்கிறதா என்று பாருங்கள்.