ஃபிஞ்ச் முட்டையிட்டால் செய்ய வேண்டியதும் கூடாததும்

கூண்டில் வளர்க்கும் சின்னப் பறவையான வரிக்குதிரை ஃபிஞ்ச் ஜோடி, கூடு கட்ட மாட்டிவைத்த பானைக்குள் தேங்காய் நாரைக் கொண்டுபோக ஆரம்பித்துவிட்டால், சீக்கிரமே முட்டை வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் ஒன்று, மறுநாள் ஒன்று என்று பெரும்பாலும் நான்கிலிருந்து ஆறு வரை இடும். முதல் முட்டையிலேயே ஒழுங்காக அடைகாக்க உட்காராது, அதைப் பார்த்துப் பதற வேண்டாம். மூன்று நான்கு முட்டை சேர்ந்த பிறகு ஆணும் பெண்ணும் மாறி மாறி உட்காரும், அதிலிருந்து 12 முதல் 14 நாளில் குஞ்சு பொரியும்.

முட்டை வந்ததும் கூண்டிலிருந்து மிச்ச நாரை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் முட்டைக்கு மேலேயே நாரைப் பரப்பி மூடிவிட்டு, அதற்கு மேல் புதிதாக இடும். நூல் மட்டும் போடவே போடாதீர்கள், காலில் சுற்றிக்கொள்ளும்.

சரி, சாப்பாடு. தினை மட்டும் போதாது, கால்சியத்துக்காகக் கடல் நுரை (கணவாய் மீனின் ஓடு) எப்போதும் கூண்டில் தொங்க வேண்டும். கால்சியம் குறைந்தால் முட்டை உள்ளேயே சிக்கிக்கொள்ளும், பெண் பறவை இறகைச் சிலிர்த்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருக்கும். அப்போது உடனே இளஞ்சூடு கொடுத்து, பறவை பார்க்கத் தெரிந்த டாக்டரிடம் ஓட வேண்டும், நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள்.

அடைகாக்க ஆரம்பித்து ஒரு வாரம் கழித்து, உட்கார்ந்திருக்கும் பறவை தீனி தின்ன வெளியே வரும் நேரம் பார்த்துச் சின்ன டார்ச்சை முட்டையோடு ஒட்டிப் பிடித்தால், கரு உள்ள முட்டையில் சிவப்பு ரத்தக் குழாய்கள் மெல்லிய வேர் மாதிரி கிளைத்திருப்பது தெரியும். எனக்கு எத்தனை தடவை பார்த்தாலும் அலுக்காது. ஆனால் ஒரு தடவை பார்த்தால் போதும், தினமும் கூட்டைக் குடைந்தால் சில ஜோடிகள் முட்டையைக் கைவிட்டுவிடும்.

குஞ்சு பொரித்ததும் அவித்த கோழி முட்டையை மசித்து வையுங்கள், வெயில் காலத்தில் இரண்டு மணி நேரத்தில் எடுத்துவிடுங்கள். அப்புறம், இரண்டு மூன்று ஈடு (முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும் சுற்று) முடிந்ததும் பானையையே கழற்றிவிடுங்கள். பெண் பறவை ஓய்வெடுக்கட்டும்.