720720: ஒரே எண்ணை வைத்து எண்ணியல் படித்த விதம்

டிஎன்பிஎஸ்சி குரூப் 4-ல் 200 கேள்விகளில் 25 திறனறிவும் மனக்கணக்கும். அதில் காரணிகள், மீ.சி.ம. (மீச்சிறு பொது மடங்கு), வகுபடும் தன்மை என்று வந்தாலே பலர் சூத்திரங்களை மனப்பாடம் செய்ய உட்கார்ந்துவிடுகிறார்கள். நான் படித்த விதம் வேறு. ஒரு பெரிய எண்ணை எடுத்துக்கொண்டு, அதில் என்னென்ன கேட்க முடியுமோ அத்தனையையும் நானே கேட்டுப் போட்டுப் பார்ப்பேன். அதிகம் கைகொடுத்தது 720720.

ஆறு இலக்கம் என்று மிரள வேண்டாம். 720 இரண்டு முறை வருகிறது, அதாவது 720 × 1001. இந்த 1001 என்பது 7 × 11 × 13. இதை மட்டும் நினைவில் வைத்தால் 456456, 839839 போல மூன்று இலக்கம் அப்படியே திரும்பும் எந்த எண்ணும் 7, 11, 13 மூன்றாலும் வகுபடும் என்று பார்த்தவுடன் சொல்லலாம். 720-ஐயும் பிரித்தால்:

720720 = 2⁴ × 3² × 5 × 7 × 11 × 13

இந்த ஒரு வரி போதும். காரணிகள் எத்தனை? ஒவ்வொரு அடுக்கோடும் 1 கூட்டிப் பெருக்க வேண்டும்: 5 × 3 × 2 × 2 × 2 × 2 = 240. ஏன் 1 கூட்டுகிறோம் என்பதில் கொஞ்சம் நேரம் செலவழியுங்கள். ஒரு காரணியை உருவாக்கும்போது 2-ஐ எடுக்காமலே விடலாம், அல்லது ஒன்று முதல் நான்கு முறை வரை எடுக்கலாம். ஆக ஐந்து வழி. இது புரிந்துவிட்டால் ஒற்றைப்படைக் காரணிகள் எத்தனை என்று மாற்றிக் கேட்டாலும் தடுமாற மாட்டீர்கள். 2-ஐ எடுக்கவே கூடாது, அவ்வளவுதான்: 3 × 2 × 2 × 2 × 2 = 48. மீதி 192-ம் இரட்டைப்படை.

முழு வர்க்கமாக்க எந்தச் சிறிய எண்ணால் பெருக்க வேண்டும்? 5, 7, 11, 13 நான்கும் ஜோடியில்லாமல் நிற்கின்றன. அவற்றின் பெருக்கல் 5005. அதால் பெருக்கினால் வருவது 60060-ன் வர்க்கம்.

அப்புறம் மீ.சி.ம. 1 முதல் 16 வரை எல்லா எண்களாலும் மீதியின்றி வகுபடும் மிகச்சிறிய எண் 720720-தான். 16-க்கு 2⁴, 9-க்கு 3². 12, 14, 15 எல்லாம் இவற்றிலேயே அடங்கிவிடும். 17 பகா எண் என்பதால் அதுவரை வேண்டுமென்றால் 17-ஆல் பெருக்கியே ஆக வேண்டும்: 12252240. இது 18-ஆலும் வகுபடும், தனியாக எதுவும் செய்ய வேண்டாம்.

பாடத்திட்டத்தில் இல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தன்னைவிடச் சிறிய எல்லா எண்களையும்விட அதிகக் காரணிகள் கொண்ட எண்களைப் பற்றி ராமானுஜன் 1915-ல் நீண்ட ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். 720720 அந்த வகை எண். இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்த எண் மேல் எனக்குத் தனிப் பிரியமே வந்துவிட்டது.

சரி, அடுத்து 510510-ஐ இதே முறையில் போட்டுப் பாருங்கள். காரணிகள் 128 வர வேண்டும்.