பரட்டைத் தலையும் பவர் பிளக்கும்

என் முடி சுருட்டையும் இல்ல நேரும் இல்ல, ரெண்டுங்கெட்டான். குளிச்சிட்டு வந்து ஒரு அரை மணி நேரம் பார்க்க நல்லாத்தான் இருக்கும், அப்புறம் சென்னைக் காத்து பட்டுச்சோ இல்லையோ பம்முனு தூக்கிட்டு நிக்கும். அம்மா அதுக்கு வச்ச பேரு தேங்கா நாரு. பார்லர்ல செட் பண்ணிக்கிட்டு வந்தா 600 ரூபா, மறுநாள் பஸ்ல வேர்த்தா எல்லாம் போச்சு. சரி நாமளே கத்துக்குவோம்னு போன வருஷம் ஆரம்பிச்சேன்.

முதல் தப்பு, ஆசைப்பட்டு 2000 வாட் ஹேர் டிரையர் வாங்கினது. கண்ணாடி பக்கத்துல இருக்கிறது 6 ஆம்பியர் சின்ன பிளக், நம்ம 230 வோல்ட்டுக்கு கணக்கு போட்டா 1400 வாட்டுக்குள்ளதான் தாங்கும். இதெல்லாம் யாருக்குத் தெரியும், பெரிய பின்ன சின்ன பிளக்குல சொருக வைக்கிற கன்வர்ட்டர் போட்டு மாட்டிட்டேன், ரெண்டாவது நாளே பிளாஸ்டிக் கருகுற வாசனை. இப்போ வீட்ல காலியா இருக்கிற ஒரே பவர் பிளக் வாஷிங் மெஷின் பக்கத்துலதான், அங்கதான் சோப்புப்பவுடர் டப்பா மேல கைக்கண்ணாடிய சாய்ச்சு வச்சு நின்னுக்கிட்டு பண்றேன்.

ரெண்டாவது தப்பு பிரஷ். முடி சொட்டச் சொட்ட ஈரமா இருக்கும்போதே உருண்டை பிரஷ்ல சுத்தினேனா, பாதியில மாட்டிக்கிச்சு. இந்தப் பக்கமும் வரல அந்தப் பக்கமும் வரல, காதுக்கு மேல பிரஷ் தொங்குது, அக்கா தேங்கா எண்ணெய ஊத்தி கொண்டை ஊசியால ஒவ்வொரு இழையா பிரிச்சு எடுக்க முக்கால் மணி நேரம் ஆச்சு, அவ சிரிச்ச சிரிப்புக்குத்தான் எனக்கு அழுகையே வந்துச்சு.

அப்புறம்தான் புரிஞ்சது, முடி நனைஞ்சா உள்ள இருக்கிற ஹைட்ரஜன் பிணைப்பு விட்டுக்கும், காயும்போது எந்த வடிவத்துல இருக்கோ அந்த வடிவத்துலயே திரும்ப பிடிச்சுக்கும். காட்டன் புடவைய ஈரத்தோட நல்லா இழுத்து விட்டு காயப்போட்டா சுருக்கம் கம்மியா வருதுல்ல, அதே கதைதான். அதனால சொட்டுற ஈரத்துல பிரஷ் போடுறது வீண், முழுசா காஞ்சப்புறம் போடுறதும் வீண். முக்கால்வாசிக்கு மேல காஞ்சு, தொட்டா லேசா சில்லுனு இருக்கும்ல, அந்த நேரம்தான் நேரம்.

துவட்டுறதுக்கு டர்க்கி டவல் வேண்டாம், அது தேய்ச்சுத் தேய்ச்சு இன்னும் கிளப்பி விட்டுரும். பாட்டி தலையில சுத்திக்கிற ஈரிழைத் துண்டு போதும், தேய்க்காம அமுக்கி அமுக்கி எடுக்கணும். எண்ணெய் தடவிட்டு டிரையர் போடவே கூடாது, சூட்டுல இருந்து முடிய காப்பாத்துற ஹீட் ப்ரொடெக்டன்ட்தான் கொஞ்சமா நுனி வரைக்கும்.

அப்புறம் அந்த மூக்கு! டிரையரோட சப்பையா ஒரு பிளாஸ்டிக் மூக்கு வரும்ல, அத நான் என்னமோன்னு டப்பாவோட மூட்டை கட்டி பரண்ல போட்டுட்டேன். காத்த சிதறவிடாம ஒரே கோட்டுல அனுப்புறதே அதுதானாம். முடி மேல மீன் செதில் மாதிரி அடுக்கு இருக்கு, எல்லாம் நுனியப் பார்த்து படுத்திருக்கும், மேல இருந்து கீழ காத்து போனா செதில் படியும், பளபளப்பும் வரும். நான் விளம்பரத்துல வர்ற மாதிரி தலைய கவுத்துப் போட்டு கீழ இருந்து ஊதிக்கிட்டு இருந்தேன், தூக்காம என்ன பண்ணும்.

இப்போ வகிடு எடுத்து நாலா பிரிச்சு கிளிப் போட்டு, பிடரியில இருந்து ஆரம்பிக்கிறேன். பிரஷ் அகலத்துக்கு மேல ஒரு பிடி எடுக்கிறது இல்ல. வேர் கிட்ட விறைப்பா இழுத்துப் பிடிச்சு, பிரஷ் பின்னாடியே மூக்க கொண்டு போகணும், ஆனா ஒட்டி வைக்கக் கூடாது, கருகிரும். ஒவ்வொரு பிடிக்கும் கடைசியில குளிர் காத்து பட்டன ஒரு பத்து செகண்ட், சூட்டோட விட்டா சுருண்டுக்கும். அவசரப்பட்டு உள்ள ஈரம் வச்சீங்கன்னா தெரு முனை தாண்டுறதுக்குள்ள பழைய தேங்கா நாரு.

முழுசா 40 நிமிஷம் ஆகுது. வலது பக்கம் பார்லர் மாதிரியே வருது, இடது பக்கம்தான் கை மாத்திப் பிடிச்சா பிரஷ் ஒரு திசை டிரையர் ஒரு திசைன்னு போகுது. இப்போதைக்கு வகிட இடது பக்கமா தள்ளி எடுத்து, வலது பக்கத்து முடிய அதிகமா காட்டிக்கிட்டு ஆபீஸ் போயிட்டு இருக்கேன்.