வேகம் எடுக்கும்போது மட்டும் நடுங்கும் மின்சாரக் கார்

மின்சாரக் கார் ஒன்று வேகம் எடுக்கையில் நடுங்கினால், யாழ்ப்பாணத்தில் முதலில் காதில் விழும் சொல் "பற்றரி போட்டுது" என்பதுதான். அடுத்தது மோட்டர். இரண்டும் வயிற்றைக் கலக்கும் செலவுகள் என்பதால், காரின் அடியில் கிடக்கும் வழக்கமான இரும்புச் சாமான்களைக் குனிந்து பார்க்கும் எண்ணமே எவருக்கும் வருவதில்லை. யப்பானில் பாவித்து இங்கே வந்த எங்கள் காரில் சில மாதங்களாகக் கூடிக்கொண்டே வந்த நடுக்கமும் அந்த இரும்பில்தான் இருந்தது.

மணிக்கு 30 கிலோமீற்றருக்கும் 60க்கும் இடையில் அக்சிலேற்றரை ஆழமாக அழுத்தினால், முன்பகுதி இடமும் வலமுமாக உதறும். காலை எடுத்த கணமே அது நின்றுவிடும். ஸ்ரேறிங்கில் பெரிதாக ஒன்றும் தெரியாது; இருக்கையிலும் காலடித் தரையிலுமே தெரியும். பின் இருக்கையில் மூவர் ஏறிவிட்டால் இன்னும் மோசமாகும்.

இப்படியான நடுக்கத்தில் முதலில் கேட்கவேண்டியது, அது வேகத்தோடு வருகிறதா, இழுவையோடு வருகிறதா என்பதே. சில்லின் பலன்ஸ் தவறியிருந்தாலோ ரயர் உள்ளே பிரிந்திருந்தாலோ, அக்சிலேற்றரில் கால் இருந்தாலும் இல்லாவிட்டாலும் குறிப்பிட்ட வேகத்தில் கார் ஆடும். எங்கள் குடாநாட்டில் இழுவையைச் சோதிக்க ஒரு மேடுகூடக் கிடையாது என்பதால், ஆட்களை ஏற்றிக்கொண்டு, நாவற்குழிப் பாலத்துக்கு அப்பால் கண்டி வீதி வெறுமையாகக் கிடக்கும் விடியற்காலையில் இதைச் செய்து பார்த்தோம். 50இல் சீராகப் போனபோது நடுக்கம் இல்லை. அதே 50ஐக் கடந்து அழுத்தியபோது வந்தது. நியூற்றலில் விட்டு ஓடவிட்டபோது மறைந்தது. முன்னதாக ஒரு கராஜில் நான்கு சில்லுகளுக்கும் பலன்ஸ் பார்த்துப் பணமும் கொடுத்திருந்தோம். அதனால் எந்த மாற்றமும் ஏற்படாததன் காரணம் அந்த வீதியில் விளங்கிவிட்டது.

மின்சாரப் பக்கத்தை விலக்குவது கடினமாக இருக்கவில்லை. பற்றரியில் ஒரு செல் பலவீனமானால் கார் வலுவைக் குறைத்துக்கொள்ளுமே தவிர, தாளம் போட்டு உதறாது. மோட்டரின் சுழலி எந்த நிலையில் நிற்கிறது என்று சொல்லும் உணரி பழுதானால் ஒழுங்கற்ற வெட்டி இழுப்பு வரும். பெரும்பாலும் எச்சரிக்கை விளக்கும் எரியும். காரின் கணினியில் பதிவாகும் பிழைகளைப் படிக்கும் ஸ்கானரில் பிழைக்குறி எதுவும் இல்லை. மோட்டரைத் தாங்கும் இறப்பர் மவுண்ட் கிழிந்திருந்தால், இழுவை தொடங்கும்போதும் விடும்போதும் ஒரு "டொக்" கேட்குமே ஒழிய, தொடர்ந்து உதறாது.

மிஞ்சியது டிரைவ் ஷாப்ட்டின் உள்பக்க ஜொயின்ற். மோட்டரின் சுழற்சியைச் சில்லுக்குக் கொண்டுபோகும் அந்தத் தண்டின் உள்முனையில் மூன்று உருளைகள் மூன்று பள்ளங்களுக்குள் முன்னும் பின்னும் சறுக்குகின்றன; சில்லு மேலும் கீழும் போகும்போது தண்டின் நீளமும் கோணமும் மாறுவதற்கு இடம்கொடுப்பவை அவையே. பள்ளத்தின் சுவர் தேய்ந்துவிட்டால், சுமை ஏறும்போது உருளை வழுக்காமல் சிக்கிச் சிக்கி விடுபடும். ஒவ்வொரு சுற்றுக்கும் காரை மூன்று முறை பக்கவாட்டில் தள்ளும். சில்லின் சுற்றளவு ஏறத்தாழ 2 மீற்றர் என்றால், 40 கிலோமீற்றர் வேகத்தில் அது செக்கனுக்கு ஐந்தரை முறை சுழலும். உதறல் பதினாறு பதினேழு வரும். இருக்கையில் உணர்ந்த அந்த வேகமான சிலிர்ப்பு இதுதான். முன்சில்லு இழுக்கும் காரில் பின்னால் ஆள் ஏறினால் மூக்கு எழும்பி ஜொயின்றின் கோணம் கூடும் என்பதால், மூவர் ஏறியபோது மோசமானதற்கும் இதிலேயே விடை இருக்கிறது.

மின்சாரக் காரில் இது பளிச்சென்று தெரிவதற்கும் காரணம் உண்டு. மோட்டர் தன் முழு முறுக்கு விசையையும் தொடக்கத்திலேயே கொடுத்துவிடும். இலங்கையில் பலருக்கும் பழக்கமான நிசான் லீஃப் காரின் 2013க்குப் பிந்திய முதற்தலைமுறை வடிவத்தில் அது 254 நியூற்றன் மீற்றர். கியர் அதை எட்டு மடங்குக்குச் சற்று மேல் பெருக்குவதால், இரு தண்டுகளிலும் சேர்த்து 2,000ஐத் தாண்டும். என்ஜினின் இரைச்சலும் அதிர்வும் இல்லாத காரில் சிறு உதறலையும் மறைக்க ஒன்றும் இல்லை.

கோண்டாவிலில் பழைய கார்களோடு பழகிய ஒரு மெக்கானிக் அண்ணையிடம் இதைச் சொன்னபோது, அவர் ஸ்கானரைத் தொடவில்லை. "தம்பி, பற்றரியைப் பிறகு பாப்பம், முதல்ல காரைத் தூக்குவம்" என்றார். கார் நிறுத்தப்பட்டு, 12 வோல்ற் பற்றரியின் நெகற்றிவ் கழற்றப்பட்டு, ஜக்கோடு ஸ்ராண்டும் வைக்கப்பட்ட பின்னரே கீழே இறங்கினார். உயர் மின்னழுத்தம் ஓடும் செம்மஞ்சள் நிறக் கேபிள்களின் பக்கம் கை போகவில்லை, இந்த வேலைக்குப் போகவும் தேவையில்லை. வலப்பக்க உள் ஜொயின்றை மூடும் இறப்பர் உறையான பூட்டின் மடிப்பில் நகக்கீறல் போல ஒரு வெடிப்பு. கழற்றித் துடைத்தபோது கிறீஸ் கறுத்து, கூழாக இளகி, விரலில் மணல் நெருடியது. கார்த்திகை மழையில் ஒழுங்கைகளில் நிற்கும் வெள்ளத்துக்குள் ஓட்டுவோருக்கு இதில் வியப்பில்லை. மூன்று பள்ளங்களிலும் முன்னோக்கி இழுக்கும் சுவரில் மட்டும் ஒரு பளபளத்த குழி. நகத்தை ஓட்டினால் தட்டுப்பட்டது. எதிர்ச்சுவர் புதிதுபோல இருந்தது. காலை எடுத்து மோட்டர் பிறேக் பிடிக்கும்போதும், பின்னோக்கி எடுக்கும்போதும் நடுக்கம் வராததன் இரகசியம் அந்தச் சுவர்தான்.

புதுக் கிறீஸ் மட்டும் அடைத்தால் கொஞ்சக் காலம் அடங்கும், பிறகு திரும்பும் என்று அண்ணை சொன்னதை நான் ஏற்றுக்கொண்டேன். குழி விழுந்த உலோகம் கிறீஸினால் நிரம்பப்போவதில்லை. வாகன இறக்குமதி 2020இல் நிறுத்தப்பட்டு 2025இல் மீண்டும் திறக்கப்படும்வரை ஓடிய கார்களே ஓடிக்கொண்டிருந்ததால், பாவித்த சாமான்களிலும் தேய்ந்தவை நிறைய உண்டு. ஆகவே கொழும்பு பஞ்சிகாவத்தையில் எடுப்பித்த தண்டின் இறப்பர் பூட்டைத் திறந்து, பள்ளங்களைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லிப் பார்த்த பிறகே காசு போட்டோம். தண்டை மாற்றும்போது கியர்ப் பெட்டியின் எண்ணெய்ச் சீலையும் புதிதாகப் போட்டு, வெளியேறிய எண்ணெயை அளவுக்கு நிரப்பினார்கள். கூலி நியாயமாகவே இருந்தது.

அதே வீதியில் அதே ஆட்களோடு அழுத்திப் பார்த்தபோது உதறல் முற்றாக இல்லை. இடப்பக்கத் தண்டின் பள்ளங்கள் நல்ல நிலையில் இருந்தாலும் பூட் வெடிக்கத் தொடங்கியிருந்ததால், மழை தொடங்குமுன் அதற்குப் புதுப் பூட்டும் கிறீஸும் போடச் சொல்லியிருக்கிறேன்.