பில்டர் திவாலான பிறகு தண்ணீரும் கரண்ட்டும் நிற்காமல் பார்த்துக்கொண்ட கதை

பில்டர் கம்பெனி திவால் நடவடிக்கைக்குள் போய்விட்டது என்ற செய்தி வந்ததும் எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் பத்திரத்தைப் பற்றியும் வங்கிக் கடனைப் பற்றியும்தான் கேட்டார்கள். நியாயமான கவலைதான். ஆனால் பத்திரப் பிரச்சினை சில மாதங்கள் பொறுக்கும், தண்ணீர் பொறுக்காது. பம்பு ஓடுகிற மீட்டர் யார் பெயரில் இருக்கிறது? முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.

எங்கள் இடத்தில் கடைசி பிளாக் பாதியில் நின்றுவிட்டது. மற்ற பிளாக்குகளில் குடிவந்துவிட்டோம். பராமரிப்பை பில்டரின் ஆட்களே பார்த்துவந்தார்கள், அசோசியேஷனிடம் எதுவும் ஒப்படைக்கப்படவில்லை. சம்பளம் வராததால் பம்பு ஆபரேட்டர் வருவதைக் குறைத்துக்கொண்டார். ஜெனரேட்டருக்கு டீசல் வரவில்லை. அப்புறம் ஒரு நாள் பேனல் ரூம் கதவில் மின் துண்டிப்பு நோட்டீஸ் ஒட்டியிருந்தது.

மின்சாரச் சட்டம் 2003-ன் 56-வது பிரிவுப்படி, பாக்கிக்காகத் துண்டிப்பதற்கு முன் குறைந்தது 15 முழு நாட்கள் அவகாசம் கொடுத்து எழுத்தில் அறிவிக்க வேண்டும். அந்த அவகாசத்தில் என்ன செய்யலாம் என்று தேடியபோதுதான் திவால் சட்டத்தின் 14-வது பிரிவு கண்ணில் பட்டது. தேசிய கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம் திவால் மனுவை ஏற்று, கம்பெனிமீது வழக்கும் வசூலும் கூடாது என்ற தடைக்காலத்தை அறிவித்துவிட்டால், அது நடப்பில் இருக்கும்வரை கம்பெனிக்கு வரும் அத்தியாவசிய சேவைகளை நிறுத்தக்கூடாது என்கிறது 14(2). மின்சாரம், தண்ணீர், தொலைத்தொடர்பு, தகவல் தொழில்நுட்பச் சேவை ஆகியவை அந்தப் பட்டியலில் வருகின்றன. தீர்ப்பாயத்தின் உத்தரவு நகலை இணைத்து, கம்பெனியை அப்போதைக்கு நிர்வகிக்கத் தீர்ப்பாயம் நியமித்த இடைக்காலத் தீர்வு நிபுணருக்கு ஒரு கடிதமும் மின்வாரிய அலுவலகத்துக்கு அதன் நகலும் கொடுத்தோம். அந்த நிபுணர் யார் என்று அலைய வேண்டியதில்லை. அவர் நாளிதழில் கொடுக்கும் பொது அறிவிப்பிலேயே பெயர், முகவரி, மின்னஞ்சல் எல்லாம் இருக்கும்.

துண்டிப்பு நின்றது. ஆனால் இதை இலவசக் கரண்ட் என்று யாரும் நினைத்துவிடக்கூடாது. பழைய பாக்கி வேறு, தடைக்காலத்தில் நாம் எரிக்கிற கரண்ட் வேறு. பழைய பாக்கியை மின்வாரியம் கம்பெனியிடமிருந்து பணம் வரவேண்டிய மற்றவர்களைப் போலத் தீர்வு நிபுணரிடம் கோரிக்கையாகத்தான் கொடுக்க வேண்டும். நடப்புக் கட்டணம் திவால் நடவடிக்கையின் செலவுக் கணக்கில் சேரும். கம்பெனிக் கணக்கிலோ காசு இல்லை. அதனால் நடப்பு பில்லை மட்டும் குடியிருப்போர் கட்டுகிறோம், இதனால் பழைய பாக்கிக்கு நாங்கள் பொறுப்பேற்றதாக ஆகாது என்று எழுதிக் கொடுத்தோம். அதில் ஒரு சிக்கல் வந்தது. கவுன்டரில் கணினி மொத்தப் பாக்கியைத்தான் காட்டும், பாதியை மட்டும் வாங்க வழியில்லை என்றார்கள். மேலதிகாரியைப் பார்த்து, உத்தரவைப் படித்துக் காட்டி, பழைய தொகையைத் தனியாக நிறுத்திவைக்க எழுத்தில் ஒப்புதல் வாங்கிய பிறகே ரசீது கிடைத்தது. இந்த ஒரு காகிதத்துக்காக எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் தகும். அது இல்லாமல் கட்டுகிற பணம் பழைய பாக்கிக்குள் போய் மறைந்துவிடும்.

இதற்கிடையில் நாங்கள் செய்த இன்னொரு வேலையைத்தான் எல்லோருக்கும் முதலில் சொல்வேன். ஒவ்வொரு இணைப்பும் யார் பெயரில் இருக்கிறது, எதற்கு ஓடுகிறது, டெபாசிட் எவ்வளவு, பராமரிப்பு ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்று ஒரே தாளில் எழுதினோம். எழுதும்போது ஓர் அதிர்ச்சி. கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் ஏர் புளோயரும் ஒரு போர் மோட்டாரும் கட்டுமானத்துக்காக வாங்கிய தற்காலிக இணைப்பில் ஓடிக்கொண்டிருந்தன! அந்த மீட்டர் பாதியில் நின்ற பிளாக்கின் தகரக் கொட்டகைக்குள் இருந்தது. கட்டுமானமே இல்லாத இடத்தில் தற்காலிக இணைப்பு எதற்கு என்று யாராவது கேட்டால் எங்களிடம் பதில் இல்லை. தீர்வு நிபுணரின் அனுமதியோடு அந்த இரண்டையும் காமன் ஏரியா இணைப்புக்கு மாற்றினோம்.

அதைக் கண்டுபிடித்துச் சொன்னவர் பில்டரிடம் முன்பு வேலை பார்த்த எலக்ட்ரீஷியன். அவருக்கும் சம்பள பாக்கி இருந்தது, அதனால் வருவாரா என்ற தயக்கம் எங்களுக்கு. கூப்பிட்டதும் வந்துவிட்டார். "வரைபடத்த நம்பாதீங்க சார், பேப்பர்ல ஒண்ணு இருக்கும், மண்ணுக்குள்ள ஒண்ணு இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே செடிகளை விலக்கி ஒரு சிலாப்பைத் தூக்கினார். உள்ளே வரிசையாக நான்கு வால்வுகள். எது எந்த பிளாக்குக்குப் போகிறது என்று ஒவ்வொன்றாக மூடித் திறந்து காட்டினார். நாங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறத்தில் பெயின்ட் அடித்து, கைப்பேசியில் வீடியோ எடுத்துக்கொண்டோம். ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் 2016-ன் 17-வது பிரிவுப்படி, உள்ளூர்ச் சட்டம் வேறு இல்லாவிட்டால், கட்டுமான நிறைவுச் சான்றிதழ் கிடைத்த 30 நாட்களுக்குள் பில்டர் வரைபடங்களையும் ஆவணங்களையும் ஒப்படைத்திருக்க வேண்டும். எங்களுக்கு வரைபடமாக இருந்தது அந்த மனிதர்தான். அவருக்கு அன்றைக்கே கூலி கொடுத்தோம், அடுத்த மாதத்திலிருந்து அசோசியேஷன் சம்பளத்தில் சேர்த்துக்கொண்டோம். பில்டரின் ஆட்கள் என்று இவர்களை விரட்டுகிற குடியிருப்புகள் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

சுத்திகரிப்பு நிலையம் தனிக் கதை. அங்கே கழிவைத் தின்று தண்ணீரைத் தெளிய வைப்பவை பாக்டீரியாக்கள். அவற்றுக்கு ஆக்சிஜன் கொடுப்பது புளோயர். டீசல் இல்லாத நாட்களில் மின்தடை நீண்டால் புளோயர் நிற்கும், தொட்டி கறுத்து அழுகிய முட்டை நாற்றம் எடுக்கும். கரண்ட் வந்துவிட்டால் எல்லாம் உடனே சரியாகிவிடாது. உயிர்கள் செத்துவிட்டால், நன்றாக ஓடுகிற வேறொரு நிலையத்திலிருந்து சேறு கொண்டுவந்து ஊற்றி மறுபடி வளர்க்க வேண்டும். வீட்டில் தயிருக்கு உறை ஊற்றுகிற மாதிரிதான். அதனால் கையில் இருந்த குறைந்த டீசலை எதற்கு ஒதுக்குவது என்று கூடிப் பேசினோம். ஒவ்வொரு பிளாக்கிலும் ஒரு லிஃப்ட், குடிநீர் பம்பு, புளோயர், தீயணைப்பு பம்பு. இவ்வளவுதான். கிளப் ஹவுஸும் தோட்ட விளக்குகளும் நிறுத்தப்பட்டதில் சிலருக்கு வருத்தம்.

லிஃப்ட் பராமரிப்பு கம்பெனி பழைய பாக்கியைக் கொடுத்தால்தான் ஆள் அனுப்புவோம் என்றது. அந்தப் பாக்கியைத் தீர்வு நிபுணரிடம் கோருங்கள், எங்களோடு இன்றைய தேதியிலிருந்து புது ஒப்பந்தம் போடுங்கள் என்றோம். கொஞ்சம் இழுத்தடித்து ஒப்புக்கொண்டார்கள்.

பணம் திரட்டுவதில்தான் மனஸ்தாபம் வந்தது. "இரண்டு வருஷத்துக்கு மெயின்டனன்ஸ் முன்பணமா பில்டர்கிட்ட கட்டியாச்சு, மறுபடியும் ஏன் கட்டணும்?" என்று கேட்டவர்களுக்குச் சட்டம் துணை நிற்கிறது. அசோசியேஷன் பொறுப்பேற்கும்வரை அத்தியாவசிய சேவைகளைப் பராமரிப்பது பில்டரின் கடமை என்று அதே ஒழுங்குமுறைச் சட்டத்தின் 11(4)(d) சொல்கிறது. ஆனால் அந்தக் கடமையை நிறைவேற்ற கம்பெனியில் ஆளும் இல்லை, காசும் இல்லை. அசோசியேஷனைப் பதிவு செய்து, தனி வங்கிக் கணக்கு தொடங்கி, அன்றாடச் செலவை லிஃப்ட் பக்கத்தில் ஒட்டினோம். டீசல் ரசீது உட்பட. கணக்கைப் பார்த்தபின் பெரும்பாலோர் கொடுத்தார்கள். பாதியில் நின்ற பிளாக்கில் வாங்கியவர்களிடம் ஒரு ரூபாயும் கேட்கவில்லை. அவர்கள் வாடகையும் கட்டி, மாதத் தவணையும் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களிடமும் சமபங்கு வாங்க வேண்டும் என்று சிலர் சொன்னபோது நான் கடுமையாக எதிர்த்தேன், இன்றும் அதே கருத்துதான்.

கோரிக்கை மனுவையும் தள்ளிப்போடக்கூடாது. 2018-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு வீடு வாங்கியவர்கள் வங்கிகளைப் போல, கம்பெனிக்குக் கடன் கொடுத்த 'நிதிக் கடன்காரர்களாக'க் கருதப்படுகிறார்கள். 2019-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஒவ்வொருவரும் சி.ஏ. என்ற படிவத்தில் பணம் கட்டிய சான்றோடு கோர வேண்டும், கடைசித் தேதி பொது அறிவிப்பில் இருக்கும். எதிர்காலப் பெரிய பராமரிப்புச் செலவுகளுக்காக பில்டரிடம் கொடுத்த கார்பஸ் ஃபண்டுக்கு அசோசியேஷன் தனியாக எழுதியது. அது கம்பெனியின் சொத்தல்ல, எங்களுக்காக நம்பிக்கையின் பேரில் வைத்திருந்த பணம் என்பது எங்கள் வாதம். தீர்வு நிபுணர் அதை இன்னும் ஏற்கவில்லை.

காமன் இணைப்புகளை அவசரமாக அசோசியேஷன் பெயருக்கு மாற்றிவிடலாம் என்று பலர் சொன்னார்கள். வேண்டாம் என்று நிறுத்தினோம். மாநில மின்வழங்கல் விதிகள் அனுமதித்தால், அதே இடத்தில் முந்தைய உரிமையாளர் வைத்த பாக்கியைப் புதிதாக இணைப்பு கேட்பவரிடம் வாரியம் கேட்கலாம் என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. மாற்றக் கேட்டுப் போய்ப் பழைய பாக்கியைத் தலையில் வாங்கிக்கொள்ளக்கூடாது. அதற்குப் பதிலாக, வீடு வாங்கியவர்களின் அதிகாரம் பெற்ற பிரதிநிதி மூலம், கடன் கொடுத்தவர்கள் கூடி முடிவெடுக்கும் கடன்காரர்கள் குழுவில் ஒரு கோரிக்கை வைத்தோம். கம்பெனியை எடுக்க முன்வருபவர் தரும் தீர்வுத் திட்டத்தில் மின் பாக்கிக்கு முடிவு, இணைப்புகளின் பெயர் மாற்றம், டெபாசிட், பொது இடங்களின் ஒப்படைப்பு ஆகிய நான்கும் தனித்தனி வரியாக எழுதப்பட வேண்டும் என்று கேட்டோம். இப்போது வந்திருக்கும் வரைவில் மூன்று இருக்கின்றன. டெபாசிட் வரி இல்லை, அதற்குத் திருத்தம் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறோம். லிஃப்ட் ஒப்பந்தம் அசோசியேஷன் பெயருக்கு வந்துவிட்டது. சுத்திகரிப்பு நிலையத்துக்கு மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் தரும் இயக்க அனுமதி இன்னும் கம்பெனி பெயரில்தான் இருக்கிறது, அதற்கான விண்ணப்பம் போயிருக்கிறது.