மேடையோரத்து மேசை

மாநாட்டு அரங்கில் மேடைக்கு இடப்பக்கம், திரைச்சீலையை ஒட்டி ஆறடி மேசை ஒன்று போடச் சொல்வேன். அதன் மேல் கறுப்புத் துணி விரித்து, கேபிள்களை வகைவாரியாகச் சுருட்டி அடுக்கி, மைக்குக்கான பேட்டரிகளை இரண்டிரண்டாக நிறுத்தி வைப்பேன். பெங்களூரில் நடக்கும் தொழில்நுட்ப மாநாடுகளுக்குப் பேச வருகிறவர்கள் மேடையேறுமுன் கடைசியாக நிற்கும் இடம் அந்த மேசை. 2007ஆம் ஆண்டிலிருந்து எனக்குச் சோறு போடுவதும் அதுதான்.

அதற்கு முன் தருமபுரியில் மாமாவின் மைக் செட்டில் இருந்தேன். கோயில் திருவிழா, காதுகுத்து, கட்சிக் கூட்டம் என்று எது நடந்தாலும் அவருடைய குழாய் ஸ்பீக்கர்தான் மரத்தில் ஏறும். விடுமுறை நாட்களில் ஒயர் சுருட்டுவது என் வேலை. கேபிளை முழங்கையில் போட்டுச் சுற்றினால் மாமா தலையில் குட்டுவார். உள்ளே இருக்கும் செம்பு இழைகள் முறுக்கிக்கொண்டு நாளடைவில் அறுந்துபோகும் என்பார். ஒரு வட்டம் வெளிப்பக்கம், அடுத்த வட்டம் உட்பக்கம் என்று மாற்றி மாற்றிச் சுருட்டினால் கேபிள் முறுக்கேறாது. வீசினால் சிக்கில்லாமல் விரியும். புதிதாக வேலைக்கு வரும் பையன்களுக்கு இன்றும் முதல் நாள் அதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.

பெங்களூருக்கு வந்து சிவாஜிநகரில் சாதனங்களை வாடகைக்கு விடும் ஒரு நிறுவனத்தில் சேர்ந்தேன். முதலில் கல்யாணங்களும் கூட்டங்களும்தான் வந்தன. மென்பொருள் மாநாடுகள் பெருகியபோது பேச்சாளர்களுடைய சாதனங்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்னிடம் வந்தது.

அந்த நாட்களில் எங்களிடம் ஒரு விதி இருந்தது. மேடையில் ஒரே ஒரு மடிக்கணினி இருக்கும். எல்லோரும் தங்கள் ஸ்லைடுகளை முன்கூட்டியே பென் டிரைவில் கொண்டுவந்து அதில் ஏற்றிவிட வேண்டும். விதிக்குக் காரணம் உண்டு. ஒரு நாளைக்குப் பத்துப் பேர், ஆளுக்கு 40 நிமிடம், நடுவில் 5 நிமிடம். ஒவ்வொருவரும் தம் கணினியைத் திறந்து, கேபிளைச் செருகி, புரொஜெக்டர் அதை அடையாளம் கண்டு படம் காட்டும்வரை காத்திருந்தால் மதியச் சாப்பாடு நான்கு மணிக்குப் போய்விடும். நான் அந்த விதியை முழுமையாக நம்பினேன். யாராவது தம் கணினியை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டால், அவர் கேட்டு முடிப்பதற்குள் முடியாது என்று சொல்லிவிடுவேன்.

2013இல் ஒரு மாநாட்டில் இந்திய மொழிகளுக்கென்று தனி அமர்வு வைத்திருந்தார்கள். கோயம்புத்தூரிலிருந்து ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் பேச வந்தார். பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்து வைத்த தமிழ்க் கோப்புகளை, எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடுக்கு மாற்ற அவரே ஒரு நிரல் எழுதியிருந்தார். இரவு ரயிலில் வந்த களைப்போடு, கணினிப் பையை மார்போடு அணைத்தபடி மேசைக்கு முன்னால் நின்றார்.

“தம்பி, என் கணினியிலேயே காட்டிவிடலாமா? எல்லாவற்றையும் இதில்தான் சரிபார்த்து வைத்திருக்கிறேன்.”

“முடியாது ஐயா. எல்லோருக்கும் ஒரே கணினிதான்.”

அவர் மறுபேச்சுப் பேசாமல் பென் டிரைவை எடுத்துக் கொடுத்தார். கோப்பை ஏற்றி, முதல் ஸ்லைடைத் திறந்து பார்த்தேன். ஆங்கிலத்தில் தலைப்பும் அவர் பெயரும் ஒழுங்காக இருந்தன. அத்தோடு மூடிவிட்டேன்.

மூன்றாவது ஸ்லைடில் இடப்பக்கம் பழைய எழுத்துருவில் ஒரு பத்தி, வலப்பக்கம் அதே பத்தி யூனிகோடில் இருக்க வேண்டும். பாமினி போன்ற எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்தவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் அடியில் கிடக்கும் ஆங்கில எழுத்துகள் மேலே வந்துவிடும். எங்கள் பொதுக் கணினியில் பாமினி இல்லை. திரையின் பாதியில் பொருளற்ற ஆங்கில எழுத்துகள் நிரம்பி நின்றன. மெய்யெழுத்தின் புள்ளி அந்த எழுத்துருவில் அரைப்புள்ளி இருக்கும் விசையில் வைக்கப்பட்டிருப்பதால், புள்ளி வர வேண்டிய இடத்திலெல்லாம் அரைப்புள்ளி விழுந்திருந்தது.

அவர் திரும்பிப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார். கண்ணில்தான் கோளாறு என்று நினைத்திருக்கிறார். பிறகு அடுத்த ஸ்லைடு, அதற்கடுத்தது என்று தள்ளிக்கொண்டே போனார். எல்லாம் அப்படியே இருந்தன. நிரலை ஓட்டிக் காட்ட வேண்டிய இடமும் வந்தது. நிரல் பையில் இருந்த கணினியில் இருந்தது. 40 நிமிடப் பேச்சை 15 நிமிடத்தில் முடித்துக்கொண்டு இறங்கினார்.

பென் டிரைவை வாங்கிக்கொள்ள மேசைக்கு வந்தபோது, “பரவாயில்லை தம்பி, உங்களுக்கு இருக்கிற வேலையில் இதையெல்லாம் பார்க்க முடியாதுதான்” என்றார். அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

எழுத்துருவைக் கோப்புக்குள்ளேயே பதித்து பி.டி.எஃப். ஆக வாங்கிக்கொண்டால் போதுமே என்று பின்னர் பலர் யோசனை சொன்னார்கள். எழுத்துக்கு அது போதும். ஓடுகிற நிரலுக்குப் போதாது. ஒருவர் மாதக்கணக்கில் உழைத்துத் தயாரித்த பேச்சு அவருடைய கணினியில்தான் குடியிருக்கிறது. எழுத்துரு, நிரல், பேச்சாளருக்கு மட்டும் தெரியும் குறிப்புகள், விரல் பழகிய விசை எல்லாம் அங்கே இருக்கின்றன. அதைப் பறித்துவிட்டு வேறொரு கணினியைக் கையில் கொடுப்பது, சமைக்கத் தெரிந்தவரை முன்பின் தெரியாத அடுப்படியில் விடுவது போன்றது. அடுத்த மாநாட்டிலிருந்து, பேச வருகிறவர் தம் கணினியோடு வரட்டும், கேபிளைச் சுமப்பது நம் வேலை என்று அமைப்பாளர்களிடம் சொல்லத் தொடங்கினேன். எல்லோரும் ஒத்துக்கொள்ளவில்லை. சிலரோடு இன்றும் வாதாடிக்கொண்டுதான் இருக்கிறேன்.

நேரம் வீணாகும் என்ற பயத்துக்கு வழி இருக்கிறது. இரண்டு உள்ளீடுகள் உள்ள ஒரு சுவிட்சரை வைத்து, ஒருவர் மேடையில் பேசும்போதே அடுத்தவருடைய கணினியை மேசையில் இணைத்துவிட வேண்டும். மேசையிலுள்ள சிறிய திரையில் முதல் ஸ்லைடிலிருந்து கடைசி வரை ஓட்டிப் பார்ப்போம். அங்கே கைதட்டல் எழும்போது இங்கே ஒரு பொத்தானை அழுத்தினால் போதும்.

சிரமமெல்லாம் கணினியைத் திரையோடு இணைக்கும் கேபிளில்தான். ஒவ்வொரு வகைக்கும் முனை வேறு. 1987இல் ஐ.பி.எம். கொண்டுவந்த வி.ஜி.ஏ.வுக்கு 15 முள். 2002இல் வந்த எச்.டி.எம்.ஐ.க்கு 19. இப்போதைய யு.எஸ்.பி.-சிக்கு 24. ஒவ்வொன்றையும் இன்னொன்றாக மாற்றும் அடாப்டர்களை எஸ்.பி. ரோட்டுக் கடைகளில் ஏறி இறங்கி வாங்கினேன். விலை குறைந்த அடாப்டர் அரை மணி நேரத்தில் கை வைக்க முடியாத சூடாகிப் படத்தை அணைத்துவிடும் என்பதையும் அங்கே வாங்கித்தான் தெரிந்துகொண்டேன். யு.எஸ்.பி.-சியில் இன்னொரு சிக்கல்: துளையின் உருவம் ஒன்றாக இருந்தாலும் எல்லாத் துளைகளும் படத்தை வெளியே அனுப்புவதில்லை. சில துளைகள் சார்ஜ் ஏற்றுவதற்கும் கோப்பு மாற்றுவதற்கும் மட்டுமே. இது பேச்சாளருக்கு மேடையில் தெரியவரக் கூடாது. அதனால் ஒரு வாரம் முன்பே கடிதம் அனுப்பிக் கேட்டுவிடுகிறேன்: என்ன கணினி, எந்தத் துளை, காணொளியில் ஒலி உண்டா, நிரல் ஓட்டிக் காட்டுவீர்களா, அதற்கு இணையம் வேண்டுமா? இணையம் வேண்டுமென்றால் மேடைக்குத் தனியாக ஒரு கம்பி இழுத்துவிடுவேன். அறுநூறு பேர் கைப்பேசியோடு உட்கார்ந்திருக்கும் அரங்கில் வைஃபையை நம்பி யாரையும் மேடையேற்ற மாட்டேன்.

தூரம் இன்னொரு தொல்லை. செம்பு கேபிளில் எச்.டி.எம்.ஐ. 15 மீட்டரைத் தாண்டினாலே படம் மினுங்கத் தொடங்கும். மேடையிலிருந்து அரங்கின் பின்கோடிக்கு 40 மீட்டர் என்றால் உள்ளே ஒளியிழை ஓடும் கேபிள் வேண்டும். அதற்குத் திசை உண்டு; கணினிப் பக்கம் எது, திரைப் பக்கம் எது என்று முனையில் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும். ஒரு தடவை அதைக் கவனிக்காமல் கம்பளத்துக்கு அடியில் விரித்து, ஓரமெல்லாம் டேப் ஒட்டி முடித்துவிட்டோம். படம் வரவில்லை. இரவு இரண்டு மணிக்கு நானும் இரண்டு கன்னடப் பையன்களும் முழங்காலிட்டு 40 மீட்டர் டேப்பையும் உரித்தோம். இப்போது கணினிப் பக்க முனையில் சிவப்பு நூல் கட்டியிருக்கிறது.

மைக்கைப் பற்றி அமைப்பாளர்கள் யோசிப்பதே இல்லை என்பது என் நெடுநாள் வருத்தம். காலர் மைக்கின் ஒலிபரப்பிப் பெட்டியை இடுப்பு பெல்ட்டில் மாட்டும்படி செய்திருக்கிறார்கள். புடவை கட்டி வரும் பேச்சாளர் அதை எங்கே மாட்டுவார்? முன்பெல்லாம் அவர்கள் கையில் ஒரு மைக்கைத் திணித்துவிடுவோம். ஒரு கையில் மைக், மறு கையில் ஸ்லைடை மாற்றும் கிளிக்கர். நிரலைத் தட்டச்சு செய்து காட்ட வேண்டியவர் என்ன செய்வார்? அலசூரைச் சேர்ந்த ஒரு பெண் எங்கள் குழுவில் சேர்ந்த பிறகுதான் இதற்கு விடிவு வந்தது. மேடைக்குப் பின்னால் உள்ள அறைக்கு அழைத்துப்போய், பின்னிடுப்பில் உள்பாவாடை நாடாவில் பெட்டியைச் செருகி, ஒயரை முந்தானைக்கு அடியில் கொண்டுவந்து, தோளில் குத்தும் ஊக்குக்குப் பக்கத்தில் மைக்கைப் பொருத்திவிடுவார். இரண்டு நிமிட வேலை. பெண் ஒருவராவது இல்லாத குழுவை இப்போது நான் மாநாட்டுக்கு அனுப்புவதில்லை. கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையையும் அவரே கழற்றி வாங்கிக்கொள்வார். அது மைக்கில் உரசினால் பேச்சு முழுவதும் டக் டக் என்று கேட்கும்.

புதுப் பையன்களுக்கு நான் சொல்லும் கதை ஒன்று உண்டு. 1968 டிசம்பர் 9 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவில் கணினி ஆய்வாளர் டக்ளஸ் எங்கல்பார்ட் 90 நிமிடம் மேடையில் உட்கார்ந்து, மவுஸைக் கொண்டு திரையில் எழுத்துகளைத் திருத்திக் காட்டினார். கணினி மேடையில் இல்லை. சுமார் 48 கிலோமீட்டர் தள்ளி மென்லோ பார்க்கில் இருந்தது. படத்தை நுண்ணலையில் அனுப்பி, இரவல் வாங்கிய ஐடோஃபோர் புரொஜெக்டரால் 22 அடி உயரத் திரையில் காட்டினார்கள். அந்த ஏற்பாடு முழுவதையும் கட்டி நிறுத்தி, அன்று இயக்கியவர் பில் இங்கிலிஷ். முதல் மவுஸைச் செய்த பொறியாளரும் அவர்தான். எங்கல்பார்ட்டின் பெயர் தெரிந்த பையன்கள் நிறையப் பேர். பில் இங்கிலிஷின் பெயர் தெரிந்து வந்தவர் இதுவரை எங்களிடம் ஒருவரும் இல்லை. அந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

2019இல் கோயம்புத்தூர் பெரியவர் மறுபடியும் ஒரு மாநாட்டுக்கு வந்தார். பட்டியலில் பெயரைப் பார்த்ததும் நானே தொலைபேசியில் அழைத்து என்ன கணினி என்று கேட்டேன். அதே பழைய கணினிதான், வி.ஜி.ஏ. மட்டும்தான் இருக்கிறது என்றார். எங்கள் கிடங்கில் வி.ஜி.ஏ. கேபிளைத் தொட்டு வெகுநாளாகியிருந்தது. எடுத்துப் பார்த்தால் ஒரு முள் வளைந்திருந்தது. மூக்குக் குறடால் மெல்ல நிமிர்த்தி, மூன்று கணினிகளில் செருகிச் சோதித்தேன். வி.ஜி.ஏ. ஒலியைக் கொண்டுபோகாது என்பதால் தனியாக ஓர் ஒலிக் கேபிளும் எடுத்து வைத்தேன்.

அன்று காலை அவர் மேசைக்கு வந்தபோது என்னை அடையாளம் தெரிந்ததா என்று தெரியவில்லை. “கேபிள் இருக்கிறதா தம்பி?” என்று மட்டும் கேட்டார். கணினியை வாங்கி இணைத்து, முதல் ஸ்லைடிலிருந்து கடைசி வரை இருவரும் சேர்ந்து பார்த்தோம். நிரலையும் ஒரு முறை ஓட்டிப் பார்த்தார்.

அவர் மேடையேறி மூன்றாவது ஸ்லைடுக்கு வந்தபோது பேச்சை நிறுத்திவிட்டுத் திரையைத் திரும்பிப் பார்த்தார். நானும் பார்த்தேன். இடப்பக்கப் பத்தியில் ஒவ்வொரு மெய்யெழுத்தின் தலையிலும் புள்ளி இருந்தது.