அம்மாவுக்கு இன்று என்ன வாங்கலாம்

ஜூலை 7, திங்கள்

கஞ்சியை இன்றும் தள்ளிவிட்டார். எதை வாயில் வைத்தாலும் இரும்பை நக்குவது மாதிரி இருக்கிறதாம். கீமோ ஊசி ஏறினால் நாக்கு அப்படித்தான் ஆகும், போகப்போகச் சரியாகும் என்கிறார் மிஸ்ஸி, அதான் நர்ஸ். அதுவரை என்ன கொடுப்பது?

ஜூலை 8, செவ்வாய்

தம்புன் பிஸ்கட். 1856இலிருந்து இருக்கும் கீ ஹியாங் கடையில் வாங்கினேன். உள்ளே பாசிப்பருப்பு, சர்க்கரை, உப்பு, பொரித்த சின்ன வெங்காயம். பினாங்கில் இதைவிட நல்ல பண்டம் கிடையாது என்பேன். தண்ணீர் விட்டுப் பிசைந்த மாவுக்குள் எண்ணெய் மாவை வைத்து மடித்து மடித்துத் தேய்ப்பதால்தான் மேல்தோல் ஏடு ஏடாகப் பிரிகிறது. அம்மாவுக்குப் பாசிப்பருப்பு என்றால் உயிர். ஒரு கடிதான் கடித்தார். உதிர்ந்த தோல் வாய்ப்புண்ணில் குத்துகிறதாம். “நீ சாப்பிடு, பசியாறாத மூஞ்சி தெரியுது” என்றார்.

ஜூலை 9, புதன்

தூக்கம் வரவில்லை.

ஜூலை 10, வியாழன்

ரொட்டி பெங்காலி, அந்த மெத்தென்ற வெள்ளை ரொட்டி, ட்ரான்ஸ்ஃபர் ரோட்டில். ஓரத்தை வெட்டிவிட்டுக் காயா தடவிக் கொடுத்தேன். காயா வீட்டில் கிண்டியது: தேங்காய்ப்பால், முட்டை, சர்க்கரை, பாண்டான் இலை. தீ கூடினால் முட்டை திரிந்துவிடும், அடுப்பை விட்டு நகர முடியாது. அரைத்துண்டு உள்ளே போனது! அப்புறம் அவரே கோப்பி கேட்டார்.

ஜூலை 11, வெள்ளி

வெள்ளிக்கிழமை, முட்டை தொட மாட்டார். இந்த உடம்பை வைத்துக்கொண்டு விரதமா என்று கத்திவிட்டு வெளியே வந்தேன். எந்தக் கடை அலமாரியைப் பார்த்தாலும் முட்டைதான்: சிஃபான், எக் டார்ட், கஸ்டர்ட் பஃப். கடைசியில் பால் சேர்க்காத கறுப்புச் சாக்லேட் ஒரு கட்டி. கோக்கோ வெண்ணெய் உடம்புச் சூட்டிலேயே உருகிவிடும், மெல்லவே வேண்டாம். அம்மா கண்ணை மூடிக்கொண்டு ரொம்ப நேரம் வாயில் வைத்திருந்தார். “கசப்புதான் தெரியுது. இரும்பு தெரியல.”

இரும்பு தெரியவில்லை!

ஜூலை 13, ஞாயிறு

சைனா ஹவுஸ் காப்பிக் கடை. பீச் ஸ்ட்ரீட்டில் நுழைந்தால் விக்டோரியா ஸ்ட்ரீட் வரை நீளும் பழைய கடைவீடுகள், நடுவில் மேசை நிறையக் கேக். எலுமிச்சை புண்ணில் எரியும். கொட்டை போட்டது குத்தும். திராமிசுவில் பச்சை முட்டை இருக்குமோ? நெடுநேரம் நின்று, சாக்லேட் கேக் வாங்கிக் குளிர்ப்பெட்டியில் வைத்தேன். சில்லென்று இருந்தால் அந்த இரும்புச் சுவை அடங்கும் என்கிறார்கள்.

ஜூலை 14, திங்கள்

இரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. வெள்ளணு குறைந்திருக்கிறது, கிருமி சுலபமாகத் தொற்றிவிடும். கிரீம் கூடாது, திறந்து வைத்து விற்பது எதுவும் கூடாது. உறைக்குள் அடைத்து வருவது பரவாயில்லை. கேக் வீட்டிலேயே இருக்கிறது. அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

ஜூலை 15, செவ்வாய்

சாக்லேட், இரண்டு துண்டு. போதும், இது போதும்.

ஜூலை 16, புதன்

அம்மா எக் டார்ட் கேட்டார். அவராகவே! ஏடு ஏடாக உதிரும் தோல் வேண்டாம், வெண்ணெய் மாவில் செய்ததுதான் வாங்க வேண்டும். அடுப்பிலிருந்து எடுத்த சூட்டோடு, அலமாரிக்குப் போகும் முன்னே பெட்டியில் போட்டுக் கொடுத்தால் சாப்பிடலாமா? காலையில் முதல் வேலையாக மிஸ்ஸியிடம் கேட்க வேண்டும்.